கைபேசியில் தெரியாத சிவப்புப் பெட்டி

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி மட்டுமே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரி கூட்ட மாட்டேன்; சங்கடமாக இருக்கிறதே என்று ஒரு வரி விடவும் மாட்டேன். போன வருட நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், பாதிக்குப் பாதி பூச்சு வேலை. கணக்கில் 41 வாங்கிய அன்று "இன்று மழை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

இன்று: வேதியியல் தேர்வு, சுமார். விக்கியில் என் அறுபத்திரண்டாவது பக்கத்தை முடித்தேன், பிரமாதம்.

எங்கள் குடியிருப்பில் நூற்று நாற்பது வீடுகள். லிஃப்ட் நின்றால் என்ன செய்வது, எந்த வால்வு எந்த வீட்டுக்கு, குப்பை வண்டி எப்போது வரும் என்று எல்லாவற்றையும் ஒரு விக்கியில் எழுதி வைத்திருக்கிறோம். எல்லோரும் படிக்கலாம். பங்களிப்பாளர் கணக்கு இருக்கிற பதினோரு பேர் மட்டும் எழுதலாம். அங்கே என் பெயர் 'அடிக்குறிப்பு'. விஷயம் என்னுடையது இல்லை, அப்பாவுடையது; பக்கத்தின் கீழே 'தகவல்' என்று அவர் பெயர்தான் இருக்கும். அவர்தான் இங்கே பராமரிப்புக்காரர். தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் எல்லாம் அவர் தலையில். அவர் சொல்லச் சொல்ல, குடியிருப்போர் சங்க அலுவலகத்துக் கணினியில் நான் தட்டுவேன். "அத லேசா இழுத்துவிட்டு ஒரு தட்டு தட்டுனா போதும்" என்பார். எதை, எவ்வளவு லேசாக, எங்கே தட்டு என்று குடைந்து குடைந்து கேட்டு, ஒழுங்கான பக்கமாக ஆக்குவது என் வேலை.

நாளை மறுநாள் மேல்தொட்டி கழுவுகிறார்கள். அதற்கான பக்கம் போன மாதமே தயார்.

செப்டம்பர் 4, வியாழன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

தொட்டி கழுவி முடித்த பிறகு, மாலை நான்கு மணிக்கு, மூன்றாம் மாடித் தையல் அத்தை வீட்டில் விபத்து. பைப்பில் காற்று நிறைந்திருக்கும்போதே ஹீட்டரைப் போட்டுவிட்டார். தண்ணீர் இல்லாமல் அது காய்ந்து, பிறகு குழாயைத் திறந்ததும் ஆவி பீய்ச்சி, வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்துவிட்டது. அவர் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பள்ளிச் சீருடை தைக்கிறார். பாவம்தான். அதை மறுக்கவில்லை.

ஆனால் சங்கச் செயலாளர் லிஃப்ட் வாசலில் வைத்து, பத்து பேர் முன்னால், அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை குடும்பம் உங்களை நம்பி இருக்கு. 'காத்து போற வரைக்கும் ஹீட்டர் போடாதீங்க'ன்னு ஒரு வரி எழுதி வைக்கத் தோணலியா?"

அத்தை ஈரத்துணியில் கையைச் சுற்றிக்கொண்டு, "பக்கத்துல போட்டிருந்த மாதிரிதான் செஞ்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுல அப்படி ஒண்ணுமே இல்ல" என்றார்.

பொய். நான் எழுதினேன்! பக்கத்தின் மேலேயே, சிவப்புப் பெட்டியில்: "சூடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வரும்வரை ஹீட்டர் சுவிட்சைப் போடாதீர்கள்." ஆச்சரியக்குறி போட்ட முக்கோணத்தோடு!

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "சொல்ல விட்டுப்போச்சோ என்னமோ சார்." விட்டுப்போச்சாம். தப்பே செய்யாத ஆள் எதற்குக் குனிய வேண்டும்? வீட்டுக்கு வந்து கேட்டேன். "உன் பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான். நீ தட்டும்போது விட்டிருந்தா?" என்றார்.

என்னை நம்பவில்லை. அம்மாவும் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

விக்கியில் யாரும் எதையும் மறைக்க முடியாது. எந்தப் பக்கத்தை யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று 'வரலாறு' தானாகவே பதிந்துகொள்ளும். பள்ளி விட்டதும் அலுவலகத்துக்கு ஓடி அதை அச்செடுத்தேன். ஆகஸ்ட் 20, மாலை 5.12, அடிக்குறிப்பு. பெட்டி இருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை.

செயலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "அப்ப எழுதியிருக்கு. அந்தம்மாதான் படிக்கல." சரி என்று அங்கே நின்ற அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது போலிருக்கிறது.

படிக்கட்டில் அத்தையைப் பார்த்தேன். அந்தக் காகிதத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, "படிக்காம விட்டுட்டு எங்கப்பா மேல ஏன் பழி போடுறீங்க?" என்று கேட்டேன். மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் கேட்கும்படி கேட்டேன்.

"நான் மூணு தடவ படிச்சேன் பாப்பா" என்றார்.

"மூணு தடவயும் கண்ண மூடிட்டுப் படிச்சீங்களா?"

சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சங்கம் முடிவு செய்துவிட்டது. எரிந்த ஹீட்டர், அதிலிருந்து ஒழுகி நனைந்த கீழ் வீட்டுக் கூரை இரண்டையும் தையல் அத்தையே சரிசெய்து தர வேண்டும். இல்லாவிட்டால் மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நியாயம்தான்.

மூன்றாம் மாடியில் தையல் இயந்திரச் சத்தம் இல்லை. அது இல்லாததுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

படிக்கட்டில் அத்தை வழிமறித்தார். கட்டுப்போட்ட கை கழுத்தில் தொங்கியது. இடது கையால் கைபேசியை என் மூக்கு முன்னால் பிடித்தார்.

"நீ நல்லாப் படிக்கிற பொண்ணாமே? இந்தா, படி. வாய்விட்டுப் படி. அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி பேசினேல்ல, அதே சத்தத்துல."

படித்தேன். "ஒன்று: காலை ஒன்பது மணிக்குள் சமையலறை வால்வை மூடவும். இரண்டு: மணி அடித்ததும் வால்வைத் திறக்கவும். மூன்று: ஹீட்டர் சுவிட்சைப் போடவும்."

அவ்வளவுதான். பெட்டி இல்லை.

விரலால் இழுத்துப் புதுப்பித்தேன். இல்லை. இன்னொரு தடவை. இல்லை. அத்தை கைபேசியை இன்னும் கிட்டே நீட்டினார். கீழே அலுவலகத்துக்கு ஓடினேன் — கணினியில் பெட்டி சிவப்பாக, அசையாமல், திமிராக நிற்கிறது. மேலே வீட்டுக்கு ஓடினேன். அப்பாவின் கைபேசியில் இல்லை. அம்மாவுடையதில் இல்லை.

எழுதுகிற பதினோரு பேரும் கணினியில் எழுதுகிறோம். படிக்கிற அத்தனை பேரும் கைபேசியில் படிக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். பக்கத்தை நம்பி ஒவ்வொரு வரியாகச் செய்தது புதிதாக வந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் கண்ணை மூடிக்கொண்டு படித்தாயா என்று கேட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

அப்பாவிடம் கேட்டேன். "தொட்டிப் பக்கத்துக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஒண்ணு வால்வ மூடு. ரெண்டு திற. மூணு, சுடுதண்ணிக் குழாயத் திறந்து காத்த விடு. நாலு சுவிட்ச்."

நாலு. அவர் நாலு சொன்னார். வரிசையாகத்தான் சொன்னார். மூன்றாவதைப் பிடுங்கி, அலங்காரம் செய்து, பெட்டிக்குள் உட்கார வைத்தவள் நான். அப்பா சொன்னபடியே தட்டியிருந்தால் அந்தக் கைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த ஒரு பக்கம் மட்டும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று பக்கங்களில் இப்படிச் செய்திருக்கிறேன். எரிவாயுக் குழாய், மின்பெட்டி, லிஃப்ட் கதவு… ஒவ்வொன்றிலும் எது அதிக ஆபத்தோ அந்த வரியைத் தேடிப் பிடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறேன். எது முக்கியமோ அதை மட்டும் சரியாகப் பார்த்து மறைத்திருக்கிறேன்.

மாலையே உட்கார்ந்து இருபத்து மூன்றிலும் பெட்டியை எடுத்துவிட்டு, அந்த வரிகளை அதனதன் இடத்தில் வைத்தேன். நாற்பது நிமிடம். மூச்சு வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது!!

என் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. இருபத்து மூன்று பக்கங்களிலும் சிவப்புப் பெட்டி திரும்ப வந்துவிட்டது. வரலாற்றில் நிர்வாகியின் குறிப்பு: "நாசவேலை. எச்சரிக்கைகள் மொத்தமாக நீக்கப்பட்டிருந்தன. மீட்கப்பட்டது."

நாசவேலை. நானா?

செப்டம்பர் 12, வெள்ளி

நிர்வாகி எட்டாம் மாடியில் இருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை செய்பவர். நான்கு வருடத்துக்கு முன் இந்த விக்கியை நிறுவியவர் அவர்தான். யாராவது இரண்டு பேர் ஒரு பக்கத்தில் சண்டை போட்டால் உடனே அந்தப் பக்கத்தைப் பூட்டிவிடுவார். அதனால் பங்களிப்பாளர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. போய்க் கதவைத் தட்டினேன். காதில் மாட்டியதைக் கழற்றாமலே பேசினார்.

"ஒரு கை வெந்தது பத்தாதா? இருந்த எச்சரிக்கையெல்லாம் தூக்கிட்டியே பாப்பா."

"தூக்கல அண்ணா, இடம் மாத்தினேன். பெட்டி ஃபோன்ல தெரியறதில்ல."

தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியுதே."

"நீங்க கணினித் தோற்றம்னு மாத்தி வச்சிருக்கீங்க. எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு பாருங்க."

"சரி. அந்தம்மா ஃபோன் பழசு."

"எங்கப்பா ஃபோனு? எங்கம்மா ஃபோனு?"

"எல்லாம் பழசு."

பொறுமையாகக் கேட்டேன். (பொறுமையாகத்தான். பல்லைக் கடித்ததை அவர் பார்க்கவில்லை.) கைபேசியில் ஒரு பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது எங்கே எழுதியிருக்கிறது? விக்கியோடு கூடவே வந்த இரண்டு கோப்புகளில் என்றார். ஸ்டைல் ஒன்று, ஸ்கிரிப்ட் ஒன்று. ஒன்று பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிறது, மற்றது பக்கம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. கீழே அலுவலகத்துக்குப் போய் அவற்றைத் திறக்கப் பார்த்தேன். "இந்தக் கோப்பைப் பார்க்கப் பங்களிப்பாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. மறுபடி எட்டாம் மாடிக்கு ஏறினேன்.

"பாக்கணும் அண்ணா."

"முடியாது. பாதுகாப்பு விஷயம். யாராவது மாத்திட்டா மொத்தமும் படுத்துடும்."

"மாத்தணும்னு கேக்கல. பாக்கணும்னு கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றா? லிஃப்டுக்குள் மாட்டியிருக்கிற அறிவிப்பைப் படிக்கிறவர்கள் எல்லாம் லிஃப்டைக் கழற்றிக்கொண்டா போகிறார்கள்? "அந்தக் கோப்ப நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். காதில் மாட்டியதைச் சரிசெய்துகொண்டு, மீட்டிங் இருக்கிறது என்று கதவைச் சாத்தினார்.

படித்ததில்லை. எழுதி வைத்துக்கொள்: படித்ததில்லை.

செப்டம்பர் 13, சனி

பள்ளி நூலகத்துக் கணினியில் அந்த மென்பொருளின் உதவிப் பக்கங்களைப் படித்தேன். மூன்று மணி நேரம். தெரிந்துகொண்டவை:

பார்ப்பதும் மாற்றுவதும் தனித்தனி அனுமதிகள். பார்க்கும் அனுமதியை எல்லோருக்கும் தரலாம். அதற்கு அமைப்பில் ஒரே ஒரு வரி போதும்.

கோப்பில் கடைசியாக மாற்றிய தேதி இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான். நான் இன்று எத்தனை கைபேசியைக் காட்டினாலும் செயலாளர் "இது இன்னிக்கு. நாலாம் தேதி எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நடுவுல நீதான் பக்கத்தையெல்லாம் கலைச்சியே" என்பார். அதையும் நானே கெடுத்து வைத்திருக்கிறேன். நாலாம் தேதி அத்தை கண்ணில் என்ன பட்டது என்று சாட்சி சொல்லக்கூடியது அந்தக் கோப்பு ஒன்றுதான். அது பூட்டுக்குள் இருக்கிறது. இன்னும் பதினேழு நாளில் அத்தை வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

பங்களிப்பாளர்களில் பாதிக்கு மேல் எழுதிக் கேட்டால் எந்தக் கோரிக்கையையும் பொதுக்கூட்டத்தில் எடுத்தே ஆக வேண்டும். இது விக்கி விதி. ஆறு பேர் வேண்டும். என் கணக்கு முடங்கிக் கிடப்பதால் தபால்காரத் தாத்தா (வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தபால் பெட்டிகள் பற்றி மட்டும் ஒன்பது பக்கம் எழுதியவர்) என் கோரிக்கையை விக்கியின் உரையாடல் பக்கத்தில் போட்டார்: "உள்ளே இருக்கும் ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளைப் பங்களிப்பாளர்கள் பார்க்க வழி செய்ய வேண்டும். மாற்ற அல்ல."

அரை மணி நேரத்தில் அந்த உரையாடல் பக்கம் பூட்டப்பட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

காகிதம் இருக்கிறதே! காகிதத்துக்கு எந்தப் பூட்டும் கிடையாது. எழுதிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஐந்து கையெழுத்து. தபால்காரத் தாத்தா, பூச்செடிப் பக்கம் எழுதும் டீச்சர், இரட்டையர் இரண்டு பேர், வாகன நிறுத்தப் பக்கம் எழுதும் மாமா. மாமாவுக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. "பூட்டுக்கு எதிரான்னு மட்டும் சொல்லு, எங்க போடணும் கையெழுத்து?" என்றார். மீதிப் பேர் வம்பு வேண்டாம் என்கிறார்கள்.

ஆறாவது வேண்டும். முடங்கிய கணக்கு என்பதால் என் கையெழுத்து சேராது. பதினோராவது கணக்கு ஒன்று இருக்கிறது. 'பராமரிப்பு'. நான்தான் அப்பாவுக்குத் திறந்து கொடுத்தேன், ஒரு நாளும் அவர் பயன்படுத்தியதில்லை.

கேட்டேன். வீடு இரண்டாகிவிட்டது.

"எல்லாம் அடங்கி ஒரு வாரம் ஆச்சு. நீ கிளறினா மறுபடி என் தலையிலதான் விழும். பக்கத்துல யார் பேரு? என் பேரு. அப்புறம் இந்த வேலையும் போச்சு, இந்த வீடும் போச்சு."

"அப்ப அந்த அத்தை போகட்டுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

அம்மா சலவைக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சொல்லலீங்க. அதான் நீங்க வாயே திறக்கலியே. நாலாந்தேதியும் திறக்க வேண்டிய இடத்துல திறக்கல" என்றாள்.

அப்பா சாப்பிடாமல் பம்ப் அறைக்குப் போய்விட்டார். அவர்மேல் கோபமாக இருக்கிறது. அவருக்காகவும் கோபமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 20, சனி

நாளை கூட்டம். அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

அத்தை வீட்டில் வெட்டிய சீருடைத் துணிகள் கட்டுக் கட்டாக, தைக்காமல் கிடந்தன. ஒரு அம்மா வந்து, திட்டிக்கொண்டே தன் பிள்ளைகளின் துணியைத் திரும்ப வாங்கிப் போனார். அவர் போன பிறகு சொன்னேன். பெட்டி கைபேசியில் தெரியவில்லை என்பதை மட்டும் இல்லை. அப்பா மூன்றாவதாகச் சொன்னதை நான்தான் எடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் படித்த பக்கத்தை அப்படி ஆக்கியது நான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இடது கையால் ஒரு துணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு எடுத்த?"

"பெட்டியில போட்டா… நல்லா இருக்கும்னு."

"நல்லா இருக்கும்னு." தலையை ஆட்டினார். "போ. கதவச் சாத்திட்டுப் போ."

திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால், அந்தக் காகிதத்தில் ஆறாவது கையெழுத்து இருக்கிறது. கிரீஸ் கட்டைவிரல் தடத்தோடு. அப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எழுதுறதெல்லாம் நீதான் எழுதுற. கையெழுத்தாவது நான் போடுறேன்" என்றார்.

கூட்டம் சங்க அலுவலகத்தில். நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். செயலாளர் காகிதத்தைப் பார்த்து, "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்றார். தபால்காரத் தாத்தா எழுந்து, "எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது, நானும் போட்டிருக்கேன்" என்றார். சிரிப்பு. செயலாளர் சிரிக்கவில்லை.

பூட்டு மடிக்கணினியைச் சுவரில் இருந்த டி.வி.யோடு இணைத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தார், ஒரு வரி தட்டினார், சேமித்தார்.

அரை நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாள் நாய் மாதிரி அலையவிட்டு, அரை நிமிடம்!

கோப்பு திறந்தது. கடைசியாக மாற்றிய தேதி: நான்கு வருடத்துக்கு முன், விக்கி நிறுவிய அன்று. அதன் பிறகு ஒரு கையும் படவில்லை. பெட்டியின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். 1,206ஆம் வரியில் நின்றது. ஆங்கிலமும் குறிகளுமாக இருந்தாலும் பொருள் இதுதான்: திரை இத்தனை அளவுக்குக் குறுகலாக இருந்தால், இந்த வகைப் பெட்டிகளை மறைத்துவிடு. அதை நான் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். அறையில் இருந்த கைபேசிகள் எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொருவராகப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் பெட்டி இல்லை. செயலாளருக்கும் இல்லை.

தையல் அத்தை முன் வரிசையில் இருந்தார். "இதுல என்ன புரியல உங்களுக்கு? துணி சின்னதாப் போனா எத உள்ள மடிச்சுத் தைக்கணும்னு எழுதி வச்சிருக்கான். மடிச்சதுக்குள்ள என் கை போயிடுச்சு" என்றார்.

"அப்ப யார் தப்பு?" என்று செயலாளர் கேட்டார். அவருக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும்.

அப்பா எழுந்திருக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். "நான். அப்பா வரிசையாச் சொன்னாங்க. நான்தான் எடுத்துப் பெட்டியில போட்டேன்." குரல் கீச்சென்று வந்தது. பரவாயில்லை.

பிறகு பூட்டு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தச் சிவப்புப் பெட்டிய செஞ்சது நான். 'இந்தப் பக்கம் இன்னும் முழுமையாகல'ன்னு ஒரு பெட்டி விக்கியோட கூடவே வந்துச்சு. அதக் காப்பி பண்ணி கலர மட்டும் மாத்தினேன். ஃபோன்ல இடத்த அடைக்குமேன்னு அந்த வகையைத்தான் மறைக்கிறாங்க போல. எனக்குத் தெரியாது. ரெண்டாயிரம் வரி இருக்கு. எனக்கே முழுசாப் புரியாது. திறந்து விட்டா எல்லாரும் வந்து கேப்பீங்க, நான் என்ன பதில் சொல்றது?"

இதுதானா பாதுகாப்பு!

ஹீட்டரையும் கூரையையும் சங்கமே சரிசெய்து தரும்; அத்தை காலி செய்ய வேண்டியதில்லை. இரண்டு கோப்புகளையும் இனி எல்லாப் பங்களிப்பாளர்களும் பார்க்கலாம். செயலாளர் இதை மின்கட்டண அறிவிப்பு மாதிரி படித்து முடித்தார். தையல் அத்தையிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

கணக்கு திரும்பக் கிடைத்தது. இருபத்து மூன்று பக்கங்களையும் மறுபடி திருத்தினேன், ஒவ்வொன்றையும் கைபேசியிலும் பார்த்துப் பார்த்து, மூன்று மணி நேரம். இந்த முறை பூட்டு மீட்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

அப்பாவுக்குச் சங்கத்திலிருந்து கடிதம். இனி அவர் பெயரில் வரும் எந்தப் பக்கத்தையும் அவரே படித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும். தவறினால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். வேலை போகவில்லை. கடிதம்தான். அதை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அதைக் கிழித்துச் செயலாளர் மேசையில் தூவ வேண்டும் போல இருக்கிறது.

"விடு. எழுத்துல வந்திருக்குல்ல, படிச்சாச்சு" என்றார். இன்றிலிருந்து நான் தட்டியதைத் தன் கைபேசியில் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது. 'உயவு எண்ணெய்' என்று எழுதியிருந்தேன். "இது யாரு?" என்றார். 'கிரீஸ்' என்று மாற்றினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூட்டு எட்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, "1,340ல என்னமோ இருக்கு, உனக்குப் புரியுதான்னு பாரு" என்றார். அச்சடிக்கும்போது மேலே வரும் தலைப்பு சம்பந்தமானது. எனக்குப் புரிந்தது. சொல்லிக் கொடுத்தேன். சிரிக்கவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை நான்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். தையல் அத்தை வந்தார். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். புதுத் தோல் மெலிதாக, பளபளவென்று இருக்கிறது. கத்தரிக்கோல் பிடிக்க வருகிறது. ஊசியில் நூல் கோக்க இன்னும் வரவில்லை. நான் கேட்கவில்லை, கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பூட்டிடம் கேட்டுப் பங்களிப்பாளர் கணக்கு வாங்கியிருக்கிறார். பன்னிரண்டாவது ஆள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது கையில் கைபேசியோடு உட்கார்ந்தார்.

"உன் பக்கம் எத்தன இருக்கு?"

"அறுபத்தஞ்சு அத்தை."

"எல்லாத்தையும் ஃபோன்ல படிச்சுப் பாக்கப் போறேன். நீ கம்ப்யூட்டர்ல அதையே சத்தமாப் படி. எங்க ஒத்துப் போகலியோ அங்க நிறுத்து."

"நான் ஏற்கெனவே சரிபார்த்துட்டேன்…"

"உன்ன நம்பல. ஒண்ணாவது பக்கம்."

நியாயம்தான். படித்தேன். பதினான்கு பக்கம் ஒத்துப் போயிற்று. பதினைந்தாவதில், கணினியில் இருக்கிற படம் ஒன்று கைபேசியில் இல்லை. அதற்குக் காரணம் ஸ்டைல் கோப்பில் கிடைக்கவில்லை. "இன்னொண்ணு இருக்குன்னு சொன்னியே, அதத் திற" என்றார். ஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு வரிக்கும் "அப்படின்னா?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்கிறேன். அதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார், இடது கையால், கோணல் மாணலாக.

180ஆம் வரியில், ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கத்துக்கு மேல் ஒரே ஆள் மாற்றியிருந்தால் நள்ளிரவில் கணக்கை முடக்கு என்று இருந்தது. என்னை நாசவேலைக்காரி ஆக்கிய வரி! வாய்விட்டுத் திட்டினேன். அத்தை சிரித்தார். என்னிடம் சிரித்தது இதுவே முதல் தடவை. உடனே நிறுத்திக்கொண்டு, "அடுத்தது" என்றார்.

ஏழு மணிக்குச் செயலாளர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். 212இல் இருந்தோம். "இருங்க, இந்த வரி முடியட்டும்" என்றார் அத்தை, தலை நிமிராமல்.

செயலாளர் இருக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்.